சீதனம் வாங்கிய மகள் பங்கு கேட்கலாமா?

குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 47. 2001இல் திருமணம் நடந்தபோது அப்பா 45 பவுன் நகையும் இரண்டு லட்சம் ரூபாயும் சீதனமாகக் கொடுத்தார். கூடப் பிறந்தவர்கள் ஓர் அண்ணன், ஒரு தங்கை. அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். கடைசி நான்கு ஆண்டுகள் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதும் பக்கத்தில் இருந்து பார்த்ததும் அண்ணன்தான். அப்பா பெயரில் 12 சென்டில் வீடு, 2 ஏக்கர் 70 சென்ட் ரப்பர் தோட்டம், சந்தைக்கு அருகே ஒரு கடை அறை இருக்கின்றன. 74 வயது அம்மா அண்ணனோடு அந்த வீட்டில் இருக்கிறார்.

அண்ணன் தங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளர். அடுத்த மாதம் அம்மாவும் இரண்டு மகள்களும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஆதாரமாக அப்பாவின் டைரியில் ஒரு பக்கத்தைக் காட்டுகிறார்: வீடும் தோட்டமும் மகனுக்கு, மகள்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. கடை அறையை விற்று ஆலயக் கட்டுமானத்துக்கு ஐந்து லட்சம் தருவதாக ஆராதனையில் அறிவிப்பும் வந்துவிட்டது. தங்கை கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். போதகரிடம் கேட்டபோது, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடலாகாது, ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை வாசித்து ஜெபியுங்கள் என்று அனுப்பிவிட்டார். கணவரோ உடனே வழக்குப் போடச் சொல்கிறார். அலுவலகத் தோழி ஒருவர், 2005 சட்டப்படி மகளுக்குப் பிறந்தபோதே பங்கு உண்டு என்கிறார். மூன்று வருடம் ஆகிவிட்டதால் காலம் கடந்துவிட்டது என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. நான் கேட்பது பொருளாசையா என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் அம்மாவின் நினைவு வந்தது. 1983இல் அவரும் இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தாய்மாமா வீட்டு அடுப்படியில், கருப்பட்டிக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்ட காரியம். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம். ஆகவே உங்களுக்கு எழுதும்போது நான் ஒரு பக்கமும் சாராதவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் அண்ணனுக்கு நியாயமாக இருக்க வேண்டிய இடத்தில் நியாயமாகவே இருப்பேன்.

முதலில் ஒன்று. நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் சரி, உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது ஈவு. தெரியாமல் போட்டால் பறிகொடுத்ததாக ஆகும். அதை மன்னிப்பு என்றோ அன்பு என்றோ பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டாலும் பிற்காலத்தில் மனம் ஏற்காது. என் அம்மாவுக்கு ஏற்கவில்லை.

அண்ணன் சொல்லும் நியாயம் எங்கிருந்து வந்தது

சீதனம் வாங்கிய மகளுக்குச் சொத்தில் பங்கில்லை என்பது வேதவாக்கியம்போல நம் ஊர்களில் புழங்குகிறது. உண்மையில் அது ஒரு பழைய சட்டத்தின் எச்சம். 1916இல் கொண்டுவரப்பட்ட திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொன்னது: மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்குக் கிடைத்தது ஆயுள்கால அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். குமரிப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அந்தச் சட்டத்தின் நிழல் நம் மீதும் விழுந்தது. எல்லை மாறிய பிறகும் விலகவில்லை. குமரி மாவட்டக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பழைய சட்டமே பொருந்தும் என்று 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. என் அம்மா கையெழுத்துப் போட்ட காலத்தில் நிலைமை அதுதான்.

அதை உடைத்தவர் கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய். கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு ஊட்டியில் அப்பாவின் வீட்டில் தங்கியிருந்த அவரை அங்கிருந்து வெளியேற்றப் பார்த்தபோது தொடங்கிய போராட்டம், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1986 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது: 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முந்தைய கருத்து தவறு என்றும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. தீர்ப்புக்குப் பிறகும் மேரி ராய் தன் பங்கைக் கையில் வாங்கப் பல ஆண்டுகள் ஆயின. அவர் 2022 செப்டம்பரில் மறைந்தார்.

ஆக, உங்கள் அண்ணன் பேசுவது வேதத்தை அல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு சட்டத்தைப் பேசுகிறார். அவருக்கே அது தெரிந்திருக்காது. அவர் அப்பாவிடமிருந்து கேட்டார், அப்பா தாத்தாவிடமிருந்து கேட்டார். கெட்ட எண்ணத்தோடு பேசுகிறார் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் அப்படி எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள்.

இன்றைய சட்டம், தென்னங்கீற்றைக் கிழிப்பதுபோல எளிமையானது. உயில் எழுதாமல் கிறிஸ்தவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண், மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் கிடையாது. உங்கள் வீட்டுக் கணக்கில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. உங்கள் மூவருக்கும் ஒன்பதில் இரண்டு வீதம். தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 270 சென்டில் அம்மாவுக்கு 90, பிள்ளைகளுக்குத் தலைக்கு 60 சென்ட்.

சீதனத்தைக் கழிக்க வேண்டாமா என்று அண்ணன் கேட்பார். அதற்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. 49ஆவது பிரிவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உயில் இல்லாமல் இறந்தவர், தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ, அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது சேர்க்கக் கூடாது என்பது அதன் பொருள். அண்ணனின் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்பா செலவு செய்திருந்தால் அதுவும் கழியாது. இந்தப் பிரிவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1961 முதல் வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். மீறிக் கொடுத்திருந்தால் அது பெண்ணுக்கே உரியது, குறிப்பிட்ட காலத்துக்குள் அவள் கையில் சேர்ந்துவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் 45 பவுனும் இரண்டு லட்சமும் இன்று எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கணவர் வீட்டுக் கிணற்றுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் போயிருந்தால், நீங்கள் வாங்கியதாகச் சொல்லப்படும் பங்கு உண்மையில் உங்களிடம் வரவே இல்லை. வழக்குப் போடச் சொல்லும் உங்கள் கணவரும் இதை யோசிக்க வேண்டும்.

சில திருத்தங்கள்

உங்கள் தோழி சொன்ன 2005 திருத்தம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உரியது. கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை என்ற ஏற்பாடு கிறிஸ்தவர்களுக்கு இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை உங்களுக்கோ அண்ணனுக்கோ எந்தப் பங்கும் இல்லை. தாத்தாவிடமிருந்து வந்த சொத்தாக இருந்தாலும், அவர் விரும்பியிருந்தால் முறையாக உயில் எழுதி முழுவதையும் அண்ணனுக்கே கொடுத்திருக்கலாம். உங்களுக்கு இன்று உரிமை இருப்பதற்குக் காரணம், அப்பா முறையான உயில் எழுதாமல் இறந்ததுதான்.

இங்கேதான் டைரிப் பக்கம் வருகிறது. அது பதிவு செய்யப்படாததால் செல்லாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். ஆனால் குறைந்தது இரண்டு சாட்சிகள், எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அந்தப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்படியானால் அது சட்டப்படி உயில் ஆகாது. ஆனால் மூலத்தை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கைப்பேசியில் அனுப்பிய படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பின்பக்கத்தில் கையெழுத்துகள் இருந்தால் கதை மாறும்.

மூன்று வருடக் கெடு என்பது வேறு ஒன்றைப் பற்றியது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் சொத்தை அனுபவித்து வந்தால், மற்றவர்களுக்காகவும் சேர்த்தே அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, உங்களை விலக்கிவைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டால்தான் காலக்கெடு என்ற பேச்சு எழும். அண்ணன் இப்போது மறுக்கத் தொடங்கியிருப்பதால் ஆறப்போடாதீர்கள். ஆனால் பயப்பட வேண்டிய நிலையில் இல்லை. அந்த மூன்று வருடம் எங்கே வரும் தெரியுமா? நீங்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு ஏமாற்றி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள் என்று அதை ரத்து செய்யக் கேட்கும்போது. அப்போது நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான். பதிவாளர் முன் நின்று போட்ட கையெழுத்தை உடைப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

பட்டாவை அண்ணன் பெயருக்கு மாற்றியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை மாறாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேளுங்கள்.

பொருளாசையா?

இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கறிஞராகப் பதில் சொல்ல முடியாது. உங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்காருகிறவளாகச் சொல்கிறேன்.

ஒருவன் இயேசுவிடம் வந்து, என் சகோதரன் எனக்குச் சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி கட்டளையிடும் என்று கேட்டதும், அவர் மறுத்து, பொருளாசையைக் குறித்து எச்சரித்ததும் லூக்கா பன்னிரண்டில் இருக்கிறது. உங்களை உறுத்துவது அந்தப் பகுதியாகத்தான் இருக்கும். அதை நான் மழுப்ப விரும்பவில்லை. அந்த எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அது கேட்டவனுக்கு மட்டும் சொல்லப்பட்டதாக அங்கே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் சொன்னார். பங்கைக் கொடுக்காமல் வைத்திருந்த சகோதரனுக்கும் அது பொருந்தும். நம் பிரசங்கங்களில் அந்தப் பாதி ஏனோ விட்டுப்போகிறது.

சொத்தில் பங்கு கேட்ட பெண்கள் என்றவுடன் எண்ணாகமத்தில் வரும் செலோப்பியாத்தின் ஐந்து மகள்களைச் சொல்வார்கள். உங்கள் அண்ணன் வேதம் தெரிந்தவர். அவர்களுக்குச் சகோதரன் இல்லாததால்தான் கிடைத்தது என்பார். அவர் சொல்வது சரி. அதனால் நீங்கள் எண்ணாகமத்துக்குப் போகாமல் யோபுவின் கடைசி அதிகாரத்துக்குப் போங்கள். யோபுவுக்கு ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள். எல்லாவற்றையும் இழந்து, பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பெற்ற அந்த மனிதர், தன் மகள்களுக்கும் அவர்களுடைய சகோதரரின் நடுவிலேயே சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் அவரிடம் எதிர்பார்க்காத ஒன்று அது.

ஒன்று கொரிந்தியர் ஆறுக்கு வருகிறேன். பவுல் அங்கே வழக்கைக் கண்டிக்கிறார், உண்மை. அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்கிறார். அதே மூச்சில் அடுத்த வசனத்தில், நீங்களே சகோதரருக்கு அநியாயம் செய்கிறீர்கள், அபகரிக்கிறீர்கள் என்றும் சொல்கிறார். அதற்கு முன், சகோதரருக்குள் வழக்குத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களில் இல்லையா என்று சபையைப் பார்த்துக் கேட்கிறார். அதாவது, வழக்குக்குப் போகாதே என்று சொல்லும் சபைக்கு, உட்கார்ந்து நியாயமாகத் தீர்த்துவைக்கும் கடமை இருக்கிறது. உங்கள் போதகர் முதல் பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் பாதியை நீங்கள் பணிவாக அவரிடம் கேட்கலாம்: ‘ஐயா, நான் வழக்குக்குப் போக விரும்பவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். எங்களை உட்காரவைத்துப் பேசுவீர்களா?’

விசுவாசி நியாயாசனத்தின் முன் நிற்பதே தவறு என்றால், பவுல் இராயனுக்கு அபயமிட்டது, அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தது, தவறாகிவிடும். நம் மண்ணின் கதையும் தவறாகிவிடும். மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காகக் குமரிக் கிறிஸ்தவப் பெண்கள் அடி வாங்கிய காலத்தில், சபை அவர்களைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. மனு எழுதியது, வழக்காடியது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அந்தப் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் கலவரங்கள் நடந்து, 1859இல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அந்தப் பூட்டிகளின் பேத்தி நீங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்களிடம் கேட்க எனக்கும் ஒன்று இருக்கிறது. அண்ணன் நான்கு வருடம் அப்பாவை வாரம் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனார். சட்டம் அதற்குக் கூடுதல் பங்கு தராது. அப்பாவின் பெயரில் இருக்கும் கடன்களையும், அடக்கச் செலவையும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்து வைத்தியச் செலவையும்தான் சொத்திலிருந்து முதலில் கழிக்கச் சொல்கிறது. ஆனால் உங்கள் மனசாட்சி சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கலாம். அந்த டைரிப் பக்கம் உயில் ஆகாவிட்டாலும் அப்பாவின் மனதில் இருந்தது அது. ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையை அண்ணன் எடுத்துக்காட்டும்போது அதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். அப்பாவின் விருப்பம் அவர் வளர்ந்த காலத்தின் அளவுக்குள் இருந்தது என்று நான் நினைக்கிறேன்; அவர் மகள்களை நேசிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, தோட்டத்தில் மட்டும் உங்கள் பங்கைக் கேட்பது பற்றி யோசித்துப் பாருங்கள். மூன்று வருட ரப்பர் வருமானத்துக்குக் கணக்குக் கேட்க இடம் உண்டு. அதை அப்பாவுக்கு அவர் செய்த செலவோடு சமன் செய்து விட்டுவிடலாம். இது என் கருத்து மட்டுமே. உங்கள் மகளின் நர்சிங் படிப்புக்கான கடன் எவ்வளவு, கைக்கு எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு சென்ட்கூட விட மாட்டேன் என்று நீங்கள் தீர்மானித்தாலும், சட்டமும் என் மரியாதையும் உங்கள் பக்கமே.

எப்படிப் போகலாம்

மத்தேயு பதினெட்டில் சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபைக்கு. வழக்கறிஞராக என் அனுபவமும் அந்த வரிசையைத்தான் சரி என்கிறது.

அண்ணனிடம் தனியாகப் போங்கள். கணவரை அழைத்துப் போக வேண்டாம். மச்சான் முன் அண்ணன் இறங்கிவர மாட்டார். ‘அடுத்த மாதம் கையெழுத்துப் போட முடியாது. பங்கை முதலில் பேசி முடிப்போம்’ என்பதை மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கே தொகை, சென்ட் எதுவும் பேச வேண்டாம். தங்கையிடமும் பேசுங்கள். அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பது அவர் இஷ்டம். ஆனால் 60 சென்டை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விடட்டும்.

அண்ணன் மறுத்தால், இருவருக்கும் வேண்டிய இரண்டு பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அம்மா வழியில் ஒருவர், அப்பா வழியில் ஒருவர் இருந்தால் நல்லது. ஒத்துப்போனால் வாய்ப்பேச்சோடு விடாமல், நில அளவையர் அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

போதகரை நடுவராக வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடை அறையை விற்று வரும் பணம் ஆலயக் கட்டுமானத்துக்கு வருவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கடையில் அண்ணனுக்கு உள்ளது ஒன்பதில் இரண்டு பங்கு மட்டும். அவர் தன் பங்கிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆண்டவருக்குக் கொடுக்கலாம். அம்மாவின் பங்கிலிருந்தும் உங்கள் பங்கிலிருந்தும் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்பது போதகருக்குத் தெரியும். சொத்து இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை என்று அவருக்கு ஒரு மரியாதையான கடிதம் கொடுங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு எதுவும் அதில் வேண்டாம்.

சபையில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்’ என்ற கேள்வி வேதத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சபைத் தேர்தல் நெருங்கும் நேரத்தில், வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டால், எதிர்க்கட்சிக்காரர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பங்கு மறந்துபோகும், பதவிச் சண்டை மட்டும் நிற்கும். அவதூறு என்று உங்கள் மேலேயே புகார் வரவும் கூடும். பதவியை இதில் இழுக்க வேண்டாம். சபையை விட்டு நீக்குவார்களோ என்ற பயத்துக்கு என் பதில்: சபை ஒழுங்கு நடவடிக்கை எதுவும் சொத்தில் உங்கள் உரிமையை ஓர் அங்குலம்கூடக் குறைக்காது. பங்கு கேட்ட ஒரே காரணத்துக்காகத் திருவிருந்தை மறுத்தால், எழுத்தில் காரணம் கேட்டு, போதகருக்கு மேலுள்ள திருச்சபை நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

இத்தனைக்கும் பலன் இல்லையென்றால் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றம் மூலம் சமரசம் பேசலாம். அங்கே ஒத்துக்கொண்டு எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு இல்லை. பவுல் தேடச் சொன்ன விவேகி அங்கே ஓய்வுபெற்ற நீதிபதியாகவோ சமரசராகவோ உட்கார்ந்திருக்கலாம். அண்ணன் கடையை அவசரமாக விற்க முயன்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கும் தடையாணை மனுவும் உடனே போட வேண்டியிருக்கும். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் பாகப்பிரிவினை வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். அம்மாவுக்கு 74 வயது என்பதை நினைவில் வையுங்கள்.

அம்மாவைப் பற்றி

உங்கள் கடிதம் முழுவதும் அம்மா ஒரு ஓரத்தில் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் இல்லை, அண்ணன் தயவில் இருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் பெரிய தவறு அதுதான். உங்கள் குடும்பத்தில் மிகப் பெரிய பங்கு அவருடையது. மூன்றில் ஒன்று, முழு உரிமையோடு. பழைய சட்டத்தைப்போல ஆயுள் அனுபவம் அல்ல. விற்கலாம், உயில் எழுதலாம், யாருக்கும் கொடுக்கலாம். அண்ணன் அவரைக் கவனிப்பது தயவு அல்ல, கடமை.

அவர் தன் பங்கை அண்ணனுக்கே கொடுக்க விரும்பினால் நீங்கள் தடுக்காதீர்கள். ஆனால் விடுதலைப் பத்திரமாக எழுதாமல், கடைசிவரை அந்த வீட்டில் வசிக்கவும், பராமரிப்பும் மருத்துவச் செலவும் பெறவும் உரிமை உண்டு என்ற நிபந்தனையோடு செட்டில்மெண்ட் பத்திரமாக (உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது) எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால், பின்னால் கவனிக்காமல் விட்டபோது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்ட எத்தனையோ தாய்மார்கள் என் அலுவலகத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

இந்த வாரமே வாரிசுச் சான்றிதழ் நகல், அப்பா பெயரிலுள்ள மூலப் பத்திர விவரம், மூன்று சொத்துக்கும் வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அப்பா உயிரோடு இருந்தபோது எதையாவது செட்டில்மெண்ட் எழுதி அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அந்தச் சொத்துக்கு மேலே சொன்ன பங்குக் கணக்கு பொருந்தாது, எனக்கு மறுபடி எழுதுங்கள். இல்லையென்றால், அண்ணனிடம் போவதற்கு முன் அம்மாவிடம் போங்கள். அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் பங்கு 90 சென்ட் என்பதையும், வீட்டிலும் கடையிலும் மூன்றில் ஒன்று அவருடையது என்பதையும் நிதானமாகச் சொல்லுங்கள். இதுவரை யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.